பிறப்பதற்கு முந்தைய கொண்டாட்டம்: ஜப்பானிய இளைஞர்கள் பழைய பார்ட்டிப் பாடல்களுக்கு ஆடுவது ஏன்?

ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். தோள்பட்டை தூக்கிய பளபளப்புக் கோட்டு, தடித்த புருவம், அடர்சிவப்பு உதட்டுச்சாயம் என்று 1980களின் கோலத்தில் ஜப்பானியப் பள்ளி மாணவிகள் வரிசைகட்டி வெறித்தனமாக ஆடுகிறார்கள். பின்னால் ஓடும் பாட்டு அவர்கள் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னால் வந்தது. இன்னொரு காணொளியில் தங்கநிறக் கிமோனோவில் ஒரு மூத்த நடிகர் சாம்பா பாட, சுற்றி நிற்கும் சின்னப் பிள்ளைகள்கூட அசைவு தவறாமல் ஆடுகிறார்கள்.

இது புதுப் பாட்டா, பழைய பாட்டா? பதினேழு வயதுப் பிள்ளைகள் 1985ஐ நினைத்து எப்படி ஏங்க முடியும்? இதுதான் எல்லோரும் பேசும் 'சிட்டி பாப்' இசையா? இப்படிப் பல குழப்பங்கள். 'பழைய நினைவு ஏக்கம்' என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அந்த விளக்கம் பாதிதான் பொருந்தும். இந்த இளைஞர்களுக்கு வேண்டியிருப்பது அந்தக் காலம் அல்ல. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்து ஆடக்கூடிய பாட்டு. பழைய பார்ட்டிப் பாடல்கள் அதற்கென்றே கட்டப்பட்டவை. கரோக்கியும் பள்ளிக்கூடமும் கைபேசியும் அவற்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தன. எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

1. ஷோவா, ஹெய்செய், ரெய்வா: ஜப்பானில் பேரரசரின் ஆட்சியை வைத்துக் காலத்தைப் பிரிப்பார்கள். ஷோவா 1926 முதல் 1989 ஜனவரி வரை. ஹெய்செய் அங்கிருந்து 2019 ஏப்ரல் வரை. இப்போது நடப்பது ரெய்வா. 'ஷோவா ரெட்ரோ', 'ஹெய்செய் ரெட்ரோ' என்று இளைஞர்கள் சொல்வதெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

2. கயோக்யோகு: ஷோவா காலத்தின் வெகுஜனப் பாட்டு. மேற்கத்திய வாத்தியங்கள், ஜப்பானிய மெட்டு. இதில் நான்காவது, ஏழாவது சுரங்களை விட்டுவிடும் ஐந்து சுர வரிசை ஒன்று நிறையப் புழங்குகிறது. நம் மொழியில் சொன்னால் ம, நி இல்லாத ஸ, ரி, க, ப, த. அதாவது மோகன ராகத்தின் சுரங்கள். சில பழைய ஜப்பானியப் பாடல்கள் முதல்முறை கேட்கும்போதே நம் காதுக்குப் பழகியதுபோல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

3. யூரோபீட்: 1980களின் ஐரோப்பிய டிஸ்கோவிலிருந்து கிளைத்த, வேகமான சிந்தசைசர் இசை. 1990களின் பிற்பகுதியில் நிமிடத்துக்கு 150 தாளத் துடிப்பைத் தாண்டிய பாடல்கள் சாதாரணம்.

4. பாராபாரா: யூரோபீட்டுக்கு ஆடும் ஜப்பானிய வரிசை நடனம். கால்கள் இடமும் வலமும் மாறி மாறி அடி வைப்பதோடு சரி. வேலை முழுக்கக் கைகளுக்கு. ஒவ்வொரு பாட்டுக்கும் தனியாக வகுத்த கை அசைவுகள் உண்டு. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நின்று அதையே செய்ய வேண்டும்.

5. சிட்டி பாப்: 1970களின் இறுதியிலும் 1980களிலும் வந்த, மேற்கத்திய பாணி கலந்த ஜப்பானிய நகர்ப்புறப் பாப் இசை. இது வேறு கதை. தகேஉச்சி மரியாவின் 1984ஆம் ஆண்டுப் பாட்டு யூடியூப் வழியாகவும், மத்சுபாரா மிகியின் 1979ஆம் ஆண்டுப் பாட்டு 2020இல் ஸ்பாட்டிஃபை, டிக்டாக் வழியாகவும் உலகம் முழுக்கப் பரவின. அந்த மறுபிறப்பு பெரும்பாலும் ஜப்பானுக்கு வெளியிலிருந்து வந்தது. தனியாக, இரவில், ஹெட்ஃபோனில் கேட்கும் இசை அது. நாம் இங்கே பேசுவது ஜப்பானுக்குள்ளேயே திரும்பி வந்த, கூட்டமாக ஆடும் பாடல்களைப் பற்றி.

2017இல் ஒசாகாவில் நடந்தது

ஒகினொமே யோகோ 'டான்சிங் ஹீரோ' பாடியபோது அவருக்கு வயது பதினாறு. 1985 நவம்பரில் வெளிவந்து நன்றாக ஓடிய பாட்டு. அப்புறம் எல்லாப் பாட்டுக்கும் நேர்வது அதற்கும் நேர்ந்தது. பழைய பாட்டு ஆனது.

2017இல் ஒசாகா மாகாணத்தின் தொமியோகா உயர்நிலைப் பள்ளி நடனக் குழு அதை எடுத்தது. சாதாரணக் குழு அல்ல. தேசிய அளவிலான உயர்நிலைப் பள்ளி நடனப் போட்டியில் 2015, 2016 என்று தொடர்ந்து இரண்டு முறை முதலிடம் பிடித்தவர்கள். பயிற்சியாளர் அகானே அந்த ஆண்டுக்குத் தேர்ந்தெடுத்த கரு, ஜப்பானின் 'குமிழிப் பொருளாதார' காலம், அதாவது 1980களின் பிற்பகுதியில் நிலமும் பங்கும் தாறுமாறாக விலை ஏறிய ஆண்டுகள். போட்டியில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. ஆனால் 'பப்ளி டான்ஸ்' என்ற பெயரில் இணையத்தில் ஏறிய காணொளி நாட்டையே ஆட்டிவைத்தது. முப்பத்திரண்டு ஆண்டு பழைய பாட்டு மீண்டும் தரவரிசைப் பட்டியலின் மேலே ஏறியது. அந்த ஆண்டு இறுதியில் ஒகினொமேயும் மாணவிகளும் ஜப்பான் இசைத்தட்டு விருது மேடையில் சேர்ந்தே ஆடினார்கள்.

அந்த நடனத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் ஒன்று புரியும். அது 1985இன் டிஸ்கோவில் ஆடிய ஆட்டம் அல்ல. அன்றைய உடையும் முகபாவமும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அசைவின் கூர்மை, வரிசை மாற்றங்கள், நாற்பது பேர் நகர்ந்தும் ஒரே உடல்போலத் தெரியும் ஒழுங்கு எல்லாம் 2010களின் போட்டி மேடைக்கு உரியவை. முகத்தில் நகைச்சுவை, கையில், காலில் கடும் பயிற்சி. பழையதை அப்படியே எடுத்து ஆடியிருந்தால் இது பரவியிருக்காது என்று உறுதியாகச் சொல்லலாம்.

இன்னொரு செய்தி. தொமியோகா மாணவிகள் கையிலெடுப்பதற்கு வெகு முன்பிருந்தே இந்தப் பாட்டு ஒரு இடத்தில் உயிரோடு இருந்தது. நாகோயா சுற்றுவட்டாரத்திலும் கிஃபு மாகாணத்திலும் கோடையில் நடக்கும் போன் ஓடோரி விழாக்களில், நடுவில் கட்டிய மரமேடையைச் சுற்றி ஊரே வட்டமாக ஆடும்போது, பாரம்பரியப் பாட்டுகளுக்கு நடுவே 'டான்சிங் ஹீரோ'வும் ஒலிக்கும். பாட்டி, அம்மா, பேத்தி மூவருக்கும் அதன் அசைவுகள் தெரியும். போன் ஓடோரி என்பது இறந்த முன்னோர் வீடு திரும்புவதாக நம்பப்படும் நாட்களில் ஆடும் ஆட்டம். அந்த வட்டத்துக்குள் ஒரு டிஸ்கோ பாட்டு போய் உட்கார்ந்ததுதான் இந்தக் கட்டுரையின் மையக் கேள்விக்கான பெரிய துப்பு.

இந்தப் பாடல்களின் பூர்வீகம்

'ஜப்பானியப் பழைய பாட்டு' என்று நாம் நினைக்கும் பலவற்றின் வேர் வேறு நாட்டில் இருக்கிறது.

1. சைஜோ ஹிதேகி 1979இல் பாடி நாடே கைகளால் எழுத்துகளை வரைந்து ஆடிய 'யங் மேன்', அமெரிக்கக் குழுவான வில்லேஜ் பீப்பிளின் 1978ஆம் ஆண்டுப் பாட்டின் ஜப்பானிய வடிவம்.

2. 'டான்சிங் ஹீரோ' பிரிட்டிஷ் பாடகி ஆஞ்சி கோல்டின் பாட்டிலிருந்து வந்தது.

3. அமுரோ நமியேவுக்கு 1995இல் முதல் பெரிய திருப்பம் தந்த பாட்டு, இத்தாலிய யூரோபீட் ஒன்றின் மறுபதிப்பு.

4. 2006இல் டிஜே ஓஸ்மா கலக்கிய பார்ட்டிப் பாட்டு, கொரியக் குழுவான டிஜே டாக்கின் 2000ஆம் ஆண்டுப் பாட்டு. அந்தக் கொரியப் பாட்டுக்கும் அடித்தளம், போனி எம் குழுவின் 1976ஆம் ஆண்டு டிஸ்கோ பதிவு.

5. டா பம்ப் குழு 2018இல் வெளியிட்டு, சின்னப் பிள்ளைகள்வரை கட்டைவிரலைத் தூக்கிக் குதித்து ஆடிய 'யு.எஸ்.ஏ.', ஜோ யெல்லோ என்ற பெயரில் 1992இல் வந்த இத்தாலிய யூரோபீட்.

6. 2022இல் ஒரு அனிமே தொடரின் தொடக்கப் பாட்டாக வந்து, பார்ப்பவர்களை எல்லாம் ஆட வைத்த 'சிகிசிகி பான்பான்', ஒரு ஹங்கேரியப் பாட்டின் மறுஆக்கம்.

இந்த வரிசையைத் திருட்டு என்று படிக்கக் கூடாது. முறையாக உரிமை பெற்று, ஜப்பானிய வரிகள் எழுதி, புதிதாக இசை கோத்துச் செய்தவை இவை. இதில் யூரோபீட்டின் கதைதான் மிகவும் விசித்திரமானது. டேவ் ராஜர்ஸ் போன்ற இத்தாலியக் கலைஞர்கள் தங்கள் ஊர் ஸ்டூடியோக்களில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் பாடி, ஏறக்குறைய ஜப்பானியச் சந்தைக்காக மட்டுமே இந்த இசையை உற்பத்தி செய்தார்கள். இத்தாலியில் கேட்க ஆள் குறைந்த பிறகும் ஜப்பானில் கேட்பு குறையவில்லை. 1990இல் தொடங்கி, பின்னர் ஏவெக்ஸ் நிறுவனம் வளர்த்தெடுத்த 'சூப்பர் யூரோபீட்' தொகுப்பு வரிசை 2018இல் 250ஆவது தொகுதியை எட்டியது. மலைப்பாதைக் கார் பந்தயத்தைச் சொல்லும் 'இனிஷியல் டி' அனிமே 1998இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது, பின்னணியில் முழுக்க இதே இசைதான். பின்னாளில் இணைய மீம்களின் வழியாக உலகம் யூரோபீட்டைக் கண்டுகொண்டதும் அந்த அனிமே மூலமாகத்தான்.

எங்கிருந்தோ வந்த மெட்டு ஜப்பானியப் பாட்டாக மாறுவது எப்போது? ஜப்பானிய வரிகள் சேரும்போது பாதி. கை அசைவு சேரும்போது மீதி.

ஏன் திரும்பி வருகிறது? நான்கு காரணங்கள்

*1. ஆட்டத்தின் அமைப்பு*

இதுதான் முதன்மையான காரணம். ஒரு யூரோபீட் பாட்டைப் பிரித்துப் பார்த்தால், முதலில் சிந்தசைசர் வாசிக்கும் ஒரு கூர்மையான துணுக்கு, பிறகு அடங்கிய சரணம், மெல்ல ஏறும் ஒரு பகுதி, உச்சத்தில் பல்லவி, உடனே மறுபடி அந்தச் சிந்தசைசர் துணுக்கு. பாட்டுக்குப் பாட்டு இந்த வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. ஆக ஆடுபவருக்கு அடுத்து என்ன வரும் என்பது எப்போதும் தெரியும். ஒவ்வொரு பகுதிக்கும் குறிப்பிட்ட கை அசைவு. இடுப்புக்குக் கீழே பெரிய திறமை எதுவும் வேண்டாம். அரை மணி நேரம் பழகினால் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

போன் ஓடோரியும் இதே அமைப்புதான். எல்லோருக்கும் ஒரே அசைவு, திரும்பத் திரும்ப, தெரியாதவர் முன்னால் ஆடுபவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். மேற்கத்திய கிளப்பில் அவரவர் விருப்பத்துக்கு ஆடுகிறார்கள். அதில் கூச்சப்படுபவர் ஓரமாக நின்றுவிடுவார். வகுத்த அசைவு இருந்தால் கூச்சத்துக்கு இடமில்லை. டிக்டாக் நடனங்களும் இப்படித்தான்: குறுகிய பகுதி, வகுத்த அசைவு, கேமராவை நேராகப் பார்த்து, பெரும்பாலும் கைகளால். நெட்டுக்குத்தாகப் பிடித்த கைபேசிச் சட்டத்துக்குள் கச்சிதமாக அடங்குவது பாராபாரா போன்ற ஆட்டங்கள்தான். யாரும் திட்டமிடாமலேயே 1990களின் ஆட்டம் 2020களின் கருவிக்குப் பொருந்திப்போனது.

*2. கரோக்கி*

1971இல் கோபே நகரத்தில் இனோஉவே தைசுகே என்ற இசைக்கலைஞர் நாணயம் போட்டால் பின்னணி இசை ஓடும் பெட்டியை உருவாக்கினார், காப்புரிமை எடுக்கவில்லை. 1980களின் நடுவில் ஒகயாமாவில் பழைய சரக்குப் பெட்டகத்தை அறையாக மாற்றி முதல் 'கரோக்கி பாக்ஸ்' வந்தது. மதுக்கடைக்குள் இருந்த கரோக்கி அப்படித்தான் மாணவர்கள் கைக்கு வந்தது. 1992இல் தொலைபேசி இணைப்பு வழியாகப் பாடல்களை அனுப்பும் முறை தொடங்கியதும் இன்னொரு மாற்றம் நடந்தது. லேசர் டிஸ்க் காலத்தில் அலமாரியில் இடம் இருக்கும் அளவுக்குத்தான் பாட்டு. இப்போது எந்தப் பாட்டையும் பட்டியலிலிருந்து நீக்க வேண்டிய அவசியமே இல்லை. 1979ம் போன வாரமும் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

இதோடு அலுவலகப் பழக்கம் ஒன்றும் சேர்கிறது. டிசம்பரில் நடக்கும் ஆண்டு நிறைவு விருந்துக்குப் பிறகு கரோக்கிக்குப் போனால், மேலாளருக்கும் தெரிந்த பாட்டைப் பாடுவதுதான் இங்கிதம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இளைஞர்கள் ஷோவா பாட்டு இரண்டு மூன்று கற்று வைத்திருப்பார்கள். இப்படிக் கற்றது ஏக்கத்தால் அல்ல. ஆனால் கற்ற பிறகு பிடித்துப்போகிறது.

*3. சட்டமும் பள்ளிக்கூடமும்*

இந்தக் காரணத்தைப் பலரும் சொல்வதில்லை. சொல்லியே ஆக வேண்டும். ஜப்பானில் 1948இல் இயற்றிய கேளிக்கைத் தொழில் சட்டம், வாடிக்கையாளர்களை நடனமாட விடும் கடைகளுக்கு உரிமம் கேட்டது. நள்ளிரவு, சில இடங்களில் ஒரு மணி, அதற்குமேல் நடனம் கூடாது. பல ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளாத இந்த விதியை 2010க்குப் பிறகு ஒசாகாவில் காவல்துறை கடுமையாக அமல்படுத்தியது. கிளப்களில் 'நடனம் கூடாது' என்று அறிவிப்பு தொங்கிய காலம் அது. எதிர்ப்பு இயக்கம், கையெழுத்து வேட்டை, வழக்கு எல்லாம் நடந்து, 2015இல் சட்டம் திருத்தப்பட்டு 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது.

அதே காலகட்டத்தில், 2012இலிருந்து, நடுநிலைப் பள்ளி உடற்கல்வியில் நடனம் கட்டாயப் பாடமானது. இரவுக் கிளப்பில் ஆட்டம் முடங்கிக் கிடந்த ஆண்டுகளில், பகலில் பள்ளிக்கூடத்தில் ஒரு தலைமுறையே ஆடக் கற்றது. தொமியோகா போன்ற நடனக் குழுக்கள் வளர்ந்த மண் இது. ஆகவே இன்றைய இளைஞர்களுக்கு நடனம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இருட்டும் மதுவும் அல்ல. சீருடை நண்பர்கள், பயிற்சி, ஒத்திசைவு. பழைய டிஸ்கோ பாட்டைப் பள்ளிக்கூட மேடைக்குக் கொண்டுபோக அவர்களுக்குத் தயக்கமே இல்லாததற்குக் காரணம் இதுதான்.

*4. சோக மெட்டு, வேகத் தாளம்*

யூரோபீட்டிலும் டிஸ்கோ காலக் கயோக்யோகுவிலும் மெட்டு பெரும்பாலும் மைனர் ஸ்கேலில், அதாவது சோகம் தொனிக்கும் சுர அமைப்பில் இருக்கும். தாளமோ துள்ளும். ஆடிக்கொண்டே ஏதோ ஒன்றை இழந்ததுபோல் உணர வைப்பது இந்தச் சேர்க்கைதான். அந்தக் காலத்தில் வாழாதவருக்கும் ஏக்கம் வருவதில் பாதிப் பங்கு மெட்டுடையது.

எந்தக் காலத்துக்கான ஏக்கம்?

1985 செப்டம்பரில், டாலரின் மதிப்பைக் குறைக்க ஐந்து பெரிய நாடுகள் சேர்ந்து செய்த பிளாசா ஒப்பந்தம். யென் மதிப்பு ஏறியது, வட்டி குறைந்தது, நிலமும் பங்கும் தாறுமாறாக விலை ஏறின. 1989 டிசம்பர் 29 அன்று நிக்கே பங்குக் குறியீடு 38,915ஐத் தொட்டது. பிறகு சரிந்தது. அந்த உயரத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட முப்பத்து நான்கு ஆண்டுகளில் பிறந்து வளர்ந்தவர்கள்தான் இன்று இந்தப் பாட்டுகளுக்கு ஆடுகிறார்கள். பணம் தண்ணீராக ஓடிய காலம் என்று அவர்கள் கேள்விப்பட்டது வீட்டிலும் தொலைக்காட்சியிலும்தான்.

ஆனால் அவர்கள் மனத்தில் இருக்கும் படம் கலவையானது. குமிழிக் காலம் என்றதும் எல்லோரும் காட்டுவது, உயர மேடையில் ஏறி இறகு விசிறி வீசி ஆடும் பெண்களை. அது ஜூலியானாஸ் தோக்கியோ என்ற டிஸ்கோ. அது திறந்தது 1991 மே மாதம். பங்குச் சந்தை சரிந்த பிறகு. 1994இல் மூடிவிட்டார்கள். அங்கே ஒலித்ததும் பெரும்பாலும் டெக்னோ; 1985இன் பாட்டுகள் அல்ல. ஆக 1985இன் பாட்டு, 1988இன் கோட்டு, 1992இன் விசிறி, 2017இன் ஆட்டம் எல்லாம் சேர்ந்து ஒரே 'பழைய காலம்' ஆகிவிட்டது.

மத்சுதைரா கென்னின் 'மத்சுகென் சாம்பா' இதற்கு இன்னொரு சான்று. தொலைக்காட்சியில் ஷோகுனாக (பழைய ஜப்பானின் இராணுவ ஆட்சியாளராக) நடித்துப் புகழ்பெற்றவர், தன் மேடை நிகழ்ச்சியின் முடிவில் பாடிவந்த கொண்டாட்டப் பாட்டு அது. அதன் இரண்டாம் பாகம் 2004இல் நாடெங்கும் ஓடியது. 2021இல் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் ஆண்டிறுதி இசை நிகழ்ச்சியான கோஹாகுவில் அவர் அதையே மறுபடி பாடினார். ஷோகுன்கள் ஆண்ட எடோ காலத் தலைமுடி, தங்கக் கிமோனோ, பிரேசில் தாளம். எந்த உண்மையான காலத்துக்கும் சொந்தமில்லாத பாட்டு அது. அதற்கும் இளைஞர்கள் ஏங்குகிறார்கள் என்றால், அந்த ஏக்கம் வரலாற்றின்மேல் அல்ல, கூடி ஆடும் மகிழ்ச்சியின்மேல் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விளைவுகள்: பணம் யாருக்கு, பெயர் யாருக்கு?

1. கரோக்கியில் ஒரு பாட்டைப் பாடினால் உரிமைத்தொகை வரிகள் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் அவர்களின் பதிப்பகத்துக்கும் போகும். முதலில் பாடிய பாடகருக்கு அதில் பங்கில்லை; கரோக்கியில் ஓடுவது அவருடைய பதிவு அல்ல, புதிதாகச் செய்த பின்னணி இசை. மறுஆக்கப் பாட்டென்றால் மூல மெட்டை எழுதிய பிரிட்டிஷ் அல்லது இத்தாலியக் கலைஞருக்கும் பங்கு உண்டு. ஒசாகா மாணவிகளின் ஆட்டத்தால் கரோக்கி அறைகளில் ஒரு பாட்டு மறுபடி எழும்போது, வருமானத்தின் ஒரு பகுதி கடல் கடந்து போகிறது.

2. இசை நிறுவனங்கள் பாடம் கற்றுவிட்டன. பழையதைத் தேடுவதோடு, பழைய வார்ப்பில் புதியதையும் செய்கிறார்கள். அதராஷீ கக்கோ குழுவின் 2020ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்று ஷோவா மெட்டின் சாயலில் எழுதியது. அதில் வரும் கழுத்தசைவு 2023இல் டிக்டாக்கில் பரவியது. அந்த ஆண்டே குழு கோஹாகு மேடை ஏறியது.

3. இதில் மிகவும் வருத்தம் தருவது, அசைவுகளை உண்டாக்கியவர்களின் நிலை. பாராபாராவின் கை அசைவுகளை வகுத்தவர்கள் பெரும்பாலும் கிளப் ஊழியர்களும் அங்கே ஆடவந்தவர்களும்தான். வகுப்புக் காணொளிகள் வழியாக அவை நாடு முழுக்கப் போயின. வகுத்தவர் பெயர் பெரும்பாலும் போகவில்லை. பாட்டைப் பிழைக்க வைத்ததே அசைவு என்றால், இசைக்கு மட்டும் உரிமைத்தொகை வசூலாகும் ஏற்பாடு நியாயமாகப் படவில்லை. 2012இல் சமூக நடனத்தின் பொதுவான அடிகளுக்குப் பதிப்புரிமை இல்லை என்று தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் சொன்னது. 2018இல் ஒசாகா மாவட்ட நீதிமன்றம், ஹூலா நடனத்தில் ஆசிரியர் ஒருவர் தனக்கே உரிய முறையில் கோத்த அசைவுகளுக்குப் பதிப்புரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. பாட்டின் பல்லவியைவிடக் கையசைவுக்கு மதிப்பு கூடிவிட்ட இந்தக் காலத்தில், நடனம் வகுப்பவர்களுக்கான கணக்கும் அந்த இரண்டாவது தீர்ப்பிலிருந்து தொடங்க வேண்டும்.